காத்திருக்கும் பிள்ளைகளும் கைகொடுக்கும் பங்கும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? கோயிலுக்குப் புது வர்ணம், விளக்குத் தோரணம், தேர்ப்பவனி, ஆயர் பெருமகனாரின் கூட்டுத் திருப்பலி, கடைசியில் அன்பின் விருந்து. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் யூபிலி என்ற சொல் பிறந்த இடத்திற்குப் போய்ப் பார்த்தால் அங்கே விளக்குத் தோரணம் இல்லை. பழைய ஏற்பாட்டில், லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தில், ஐம்பதாம் ஆண்டு வந்ததும் நாடெங்கும் எக்காளம் ஊதச் சொல்கிறார் ஆண்டவர். எதற்காக? வறுமையால் நிலத்தை விற்றவனுக்கு அந்த நிலம் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலையாகித் தன் குடும்பத்திடம் திரும்ப வேண்டும். ஒரு தலைமுறையின் வறுமை அடுத்த தலைமுறையின் தலையில் விடியக் கூடாது என்பதே யூபிலியின் பொருள்.

அந்தப் பொருளை வைத்துக்கொண்டு நம் பங்கைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுகிறவர்கள் யார்? பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரியில் இடம் கிடைக்குமா, கிடைத்தாலும் கட்டணம் கட்ட முடியுமா, உதவித்தொகை வருமா என்று மே மாதத்திலிருந்து ஆகஸ்டு மாதம் வரை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் நம் பிள்ளைகள்தான். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

காத்திருப்பது ஆரணிக்குப் புதிதல்ல. பட்டும் அரிசியும் நம் ஊரின் இரு கண்கள். நாற்று நட்டவர் கதிருக்குக் காத்திருக்கிறார். பாவு ஏற்றிய நெசவாளர் நாள்கணக்கில் குழித்தறியில் உட்கார்ந்து இழை இழையாக ஒரு சேலையை வளர்க்கிறார். ஆனால் அந்தக் காத்திருப்புக்கும் பிள்ளைகளின் காத்திருப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நெசவாளருக்குத் தம் கையில் வேலை இருக்கிறது. எத்தனை முழம் முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது. தேர்வு எழுதிய பிள்ளைக்குக் கையில் வேலையும் இல்லை, முடிவும் தெரிவதில்லை. அதுதான் மனத்தை அரிக்கிறது.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கி, முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. அந்தக் காலத்துப் பெற்றோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். முடிவு வரும் நாளில் பேருந்து நிலையத்திலே செய்தித்தாள் கட்டு எப்போது இறங்கும் என்று நின்றதும், பொடி எழுத்தில் பதிவெண்ணைத் தேடியதும், பிறகு தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்து நாள்களைக் கழித்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. பொறியியல் இடத்திற்கான கலந்தாய்வு 2017 வரை சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்தது. சோற்று மூட்டையோடு பஸ் ஏறிப் போய், பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்தபடி அமர்ந்திருந்த தகப்பன்மார் எத்தனை பேர்! 2018 முதல் அது இணையவழிக்கு மாறிவிட்டது. தபால்காரரின் இடத்தில் கைப்பேசி வந்திருக்கிறது. பயணச் செலவு மிச்சம். ஆனால் காத்திருப்பு மட்டும் குறையவில்லை. விண்ணப்பம், சமவாய்ப்பு எண், சான்றிதழ் சரிபார்ப்பு, தரவரிசை, விருப்பப் பட்டியல், தற்காலிக ஒதுக்கீடு, உறுதி செய்தல் என்று ஏழு படிகள். ஒரு படியில் ஒரு நாள் தவறினாலும் இடம் கைநழுவும்.

இதிலே கணக்கு எளிதுதான். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. 1984 முதல் இருந்த நுழைவுத்தேர்வை 2006-இல் சட்டம் இயற்றித் தமிழ்நாடு நீக்கியது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல் ஆயிற்று. மருத்துவத்திற்கு மட்டும் பின்னர் நீட் தேர்வு வந்து சேர்ந்தது. அந்தத் தேர்வால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கியதைக் கண்டு, 2020-இல் மருத்துவ இடங்களில் அவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. நம் ஊரை அடுத்த தச்சூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆகவே, கல்லூரி எட்டாத தூரத்தில் இல்லை. எட்டாமல் இருப்பது பெரும்பாலும் பணம்தான்.

அன்பர்களே, தகுதிக்குக் கிடைக்கும் உதவித்தொகை என்கிறோமே, அந்தத் தகுதியைப் பற்றிச் சற்று யோசிப்போம். கணித மேதை இராமானுஜத்தை அறியாதவர் இல்லை. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை பறிபோயிற்று. மனம் உடைந்து 1905-இல் வீட்டைவிட்டே புறப்பட்டு விசாகப்பட்டினம் வரை போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தார். அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதே மனிதர்தான், அதே மூளைதான். 1905-இல் தகுதியற்றவர், 1913-இல் தகுதியுள்ளவர்! மாறியது அவர் தகுதியா, அதை அளந்த கோலா? பிள்ளைகளே, ஒரு பட்டியலில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் அது அந்தப் பட்டியலின் செய்தி மட்டுமே. உங்களைப் பற்றிய இறுதித் தீர்ப்பு அல்ல.

இன்னொருவர் நம் காலத்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரி நம் இயேசு சபைக் குருக்கள் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி. அங்கே இயற்பியல் படித்த இராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் பெற்றார். இடம் கிடைத்தது, கட்டுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் இல்லை. அவருடைய அக்கா சொகரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அந்த நகையை என் சம்பாத்தியத்தில்தான் மீட்பேன் என்று தம்பி உறுதி பூண்டார். அந்த அக்காவின் கை வளையல் இல்லாவிட்டால் நாடு ஒரு விஞ்ஞானியை, ஒரு குடியரசுத் தலைவரை இழந்திருக்கும் என்றால் மிகையாகாது.

ஆனால் இதையும் கேளுங்கள்: எல்லா வீட்டிலும் அடகு வைக்க வளையல் இருக்கிறதா? இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது? நம் பட்டு வட்டாரத்தில் அதற்கு முன்பணம் என்று பெயர். கல்லூரி திறக்கும் வாரத்தில் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கிய கடன் தீரும் வரை கூலியைப் பேச வாய் இருக்காது; வேறு இடம் போகக் கால் இருக்காது. முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகளே தறியில் துணைக்கு உட்கார்ந்த காலம் ஒன்று இந்தப் பட்டு வட்டாரத்திற்கு உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் சட்டம் வந்தது. குழந்தை உழைப்புக்கு எதிராக 1986-இல் சட்டம் வந்தது. கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டங்கள் வந்தாலும், கட்டணம் கட்டும் நாள் முன்னாலும் உதவித்தொகை வரும் நாள் பின்னாலும் இருக்கும் வரை இடையிலே கடன்காரர் நிற்பார்.

இதுதான் சிக்கலின் முடிச்சு. உதவித்தொகைகள் இல்லாமல் இல்லை. ஆனால் பலவற்றுக்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். பணம் வங்கிக் கணக்கில் விழ மாதங்கள் ஆகும். கல்லூரிக் கட்டணமோ சேரும் அன்றே கேட்கப்படும். அந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் கையில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இருக்கிற உதவிகளில் சிலவற்றை வரிசையாகச் சொல்கிறோம், பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பிலேயே எழுதக்கூடியது 2008-இல் தொடங்கிய தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு. தேறினால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டிற்கு ஆண்டுக்கு 6,695 இடம் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்போர் எழுதலாம். குடும்ப வருமானம் மூன்றரை இலட்சத்திற்குள் இருக்க வேண்டும். பதினோராம் வகுப்பினருக்கு 2022-இல் தொடங்கிய தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டாண்டு. தமிழ் நன்றாக வரும் நம் பிள்ளைகள் இதை ஏன் விட வேண்டும்?

கல்லூரிக்கு வந்தால், மத்திய அரசின் உதவித்தொகை ஆண்டுக்கு 82,000 புதிய மாணவருக்கு உண்டு, பாதி பெண்களுக்கு. தம் வாரியத்தில் அந்தப் பாடப்பிரிவினரில் நூற்றுக்கு எண்பது பேரை விட மேலான மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானம் நாலரை இலட்சத்திற்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆண்டுதோறும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் இருந்தால்தான் தொடரும். வேறு உதவித்தொகை பெறுவோருக்கு இது இல்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாளும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9-ஆம் நாளும் தொடங்கப்பட்டன. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை உண்டு. அது வீட்டில் ஒருவருக்கே. வங்கிக் கடன் வேண்டுவோருக்கு 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றவருக்குப் பிணையின்றிக் கடன் தருகிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம் பங்கைச் சேர்ந்த பல குடும்பங்களுக்கு இதில் தனியான ஒரு துன்பமும் உண்டு. ஆதிதிராவிடர் குலத்தில் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவரை 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் இனத்தில் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்த வாசல் திறந்தது. நமக்கு இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நம்மவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கல்வி உதவித்தொகையைப் பொறுத்தவரை, மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவருக்கும் மாநில அரசு உதவி செய்கிறது. இது தெரியாமலே, நமக்குக் கிடைக்காது என்று எண்ணி விண்ணப்பமே போடாத வீடுகள் உண்டு. உரிமைக்காகக் கேட்பது ஒரு பக்கம் நடக்கட்டும். இருக்கிற உதவியைப் பெறுவது மறுபக்கம் நடக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்குத் தடையல்ல.

மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு திராட்சைத் தோட்ட முதலாளியைப் பற்றிச் சொல்கிறார். விடியற்காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் அவர் ஒரே கூலி கொடுத்தார். முதலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நாமும் இந்தப் பகுதியைக் கேட்கும்போது உள்ளுக்குள் முணுமுணுக்கிறோம். ஆனால் மாலை வரை சந்தை வெளியில் நின்றவர்கள் சோம்பேறிகளா? இல்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, எங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். நாள் முழுவதும் அவர்கள் செய்த வேலை ஒன்றுதான்: காத்திருந்தது. அதுவும் ஒரு பாரம் என்பதை அந்த முதலாளி அறிந்திருந்தார். அவர்கள் வீட்டிலும் மாலையில் உலை ஏற வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்.

தனிப்பயிற்சியும் தனி அறையும் இருந்து 190 வாங்கிய பிள்ளையைப் பாராட்டுவோம். காலையில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி, இரவில் தறிச் சத்தத்தின் நடுவே படித்து 150 வாங்கிய பிள்ளையை அதைவிடக் குறைவாகப் பாராட்டலாமா? மாநில அளவில் முதல் மூன்று இடம் யாருக்கு என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. அரசு நிறுத்தியதை நாம் வீட்டுத் திண்ணையில் தொடர வேண்டாம். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?’ என்ற கேள்வியை இந்த யூபிலி ஆண்டோடு விட்டுவிடுவோம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. 2017 செப்டம்பர் 1-ஆம் நாள் அரியலூர் மாவட்டம் குழுமூரில், பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 பெற்றும் மருத்துவ இடம் கிடைக்காத மாணவி அனிதாவை நாம் இழந்தோம். தமிழ்நாடே அழுதது. மதிப்பெண் குறைந்தவர் மட்டுமல்ல, நிறைய வாங்கியவரும் உடைந்து போகலாம் என்பதை அந்த நாள் நமக்குக் கற்பித்தது. தேர்வில் தவறியவருக்கு ஒரு நல்ல ஏற்பாடு 2000-களின் தொடக்கத்திலேயே வந்தது: அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவையே வெட்டி எறிகிறாரா? அறுந்த இடத்தைத் தேடி எடுத்து இணைத்துவிட்டு மேலே நெய்கிறார். சேலையைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அந்த இணைப்புத் தெரிவதுகூட இல்லை. பெற்றோரே, முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். முதல் சொல் மதிப்பெண்ணைப் பற்றியதாக இருக்க வேண்டாம். வா, சாப்பிடு என்பதாக இருக்கட்டும். மனம் கலங்கினால் பேச 104 என்ற எண்ணும், 2022-இல் தொடங்கிய 14416 என்ற எண்ணும் உள்ளன. பங்குத்தந்தையின் இல்லக் கதவும் இருக்கிறது.

இனி, பங்காக நாம் செய்யக்கூடியவை. எங்கள் எண்ணத்தில் நான்கு உண்டு.

முதலாவது, சான்றிதழ்கள். வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளைத் தேர்வு முடிவு வந்த பிறகு தேடி அலையக் கூடாது. தவக்காலத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். பிள்ளையின் பெயர் ஞானஸ்நானப் பதிவிலும் பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். நம் கத்தோலிக்கக் கல்லூரிகளில் சேருவோருக்குப் பங்குத்தந்தையின் கடிதமும் தேவைப்படலாம்.

இரண்டாவது, மே மாதம் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் வளாகத்தில் ஒரு மேசை. நம் பங்கில் பட்டம் பெற்ற இளைஞர்கள் இருவர் மூவர் உட்கார்ந்து, விண்ணப்பம் நிரப்பவும் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தவும் உதவட்டும். படிப்பறிவில்லாத தாய் தகப்பனுக்கு இது பெரிய ஆறுதல்.

மூன்றாவது, வட்டியில்லாக் கைமாற்று நிதி. ஐம்பது குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் வைத்தால் மாதம் 5,000, ஆண்டுக்கு 60,000. அதில் ஐந்து பிள்ளைகளுக்குத் தலைக்கு 12,000 ரூபாய், சேரும் நாளில் கொடுக்கலாம். உதவித்தொகை வந்ததும் அவர்கள் திருப்பித் தருவார்கள். மறு ஆண்டு புதுப் பணமும் சேர்ந்து பத்துப் பேருக்கு ஆகும். இது பிச்சை அல்ல, கடன். ஆனால் கழுத்தை நெரிக்காத கடன். தறியை அடகு வைக்க வேண்டாம். கூலியை முன்கூட்டி விற்க வேண்டாம்.

நான்காவது, இரகசியம். யாருக்குக் கொடுத்தோம் என்று பீடத்திலிருந்து வாசிக்க வேண்டாம். மேடையில் நிறுத்திப் புகைப்படம் எடுக்க வேண்டாம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்பது ஆண்டவரின் கட்டளையல்லவா?

இது நம்மால் ஆகுமா என்று சிலர் கேட்கலாம். 1937-இல் பிரான்சிலிருந்து இந்தியா வந்த இயேசு சபைக் குரு பியேர் செராக் அடிகளார், 2012-இல் சென்னையில் இறையடி சேரும் வரை எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுத்தார். கடல் கடந்து வந்தவர் செய்ததை, பக்கத்துத் தெருவில் இருக்கிற நாம் செய்யக் கூடாதா?

மாணவ மாணவியரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. காத்திருக்கும் நாள்களை வீணாக்காதீர்கள். தட்டச்சு, கணினி, ஆங்கிலம் என்று ஏதாவது ஒன்றைப் பழகுங்கள். தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். ஒரே ஒரு கல்லூரியை நம்பி இராமல் மூன்று நான்கு இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். வேலை கிடைத்தபின் இந்தப் பங்கின் அடுத்த பிள்ளைக்கு நீங்கள் கைகொடுங்கள். கலாம் அக்காவின் நகையை மீட்க நினைத்தாரே, அந்த எண்ணம் உங்களுக்கும் இருக்கட்டும்.

பங்கு மக்களே, இந்த யூபிலிக்கு நாம் கட்டும் மண்டபம் ஒருநாள் பழுதாகும். பூசும் வர்ணம் மங்கும். ஒரு நெசவாளர் வீட்டில் எழும்பும் முதல் பட்டதாரியால் அந்த வீட்டின் அடுத்த தலைமுறையே தலைநிமிரும். அந்தப் பிள்ளைக்காக ஐம்பது வீடுகள் மாதம் நூறு ரூபாய் எடுத்து வைக்குமானால், அதுவே இந்த ஊரில் நாம் ஊதும் யூபிலி எக்காளம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!